எந்த இழப்பைத் தாங்க முடியும்? மண்பாதைப் பந்தயங்களில் ஓட்டுபவர்களின் விருப்பம் பற்றி

பந்தய மைதானத்தின் ஓரத்தில் மோட்டார்சைக்கிள்களைத் தயார் செய்துகொண்டே நாலு பேர் பேசத் தொடங்கினால், எந்த வகைப் பந்தயம் உசத்தி என்ற வாக்குவாதம் எப்படியும் வந்துவிடும். மூடிய மண் தடத்தைச் சுற்றும் மோட்டோகிராஸை ஓட்டுபவர், காட்டிலும் மலையிலும் நேரக் கணக்கோடு ஓட்டும் எண்டியூரோவில் என்ன வேகம் இருக்கிறது என்று கேட்பார். காட்டுப் பாதையில் பழகியவர், ஒரே தடத்தை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வருவதில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார். வழி தேடி நெடுந்தூரம் ஓட்டும் ராலிக்காரர் இருவரையும் பார்த்து, வழி தெரிந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் வேகமாக ஓட்டலாம் என்பார். இந்தப் பேச்சை நான் பல காலமாகக் கேட்டும் அதில் கலந்துகொண்டும் வருகிறேன். மோட்டோகிராஸ், காட்டுக்குள் நீண்ட நேரம் ஓட்டும் ஹேர் ஸ்கிராம்பிள், எண்டியூரோ ஆகிய மூன்றிலும் நடுத்தர நிலையில் ஓட்டியிருக்கிறேன். மற்றவற்றை அருகிலிருந்து பார்த்தும், அவற்றில் ஓட்டுகிற நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

ஒருவருக்கு ஒரு பந்தய வகை பிடித்துப்போவதற்குத் துணிச்சல், உடல்வலு, திறமை என்று காரணம் சொல்வது வழக்கம். இவற்றுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் இவை எல்லாவற்றையும்விட, எந்த மாதிரியான இழப்பை அவரால் தாங்கிக்கொள்ள முடியும் என்பதுதான் அவருடைய விருப்பத்தைத் தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு வகையும் ஒருவரிடமிருந்து நேரத்தையும் இடத்தையும் வெவ்வேறு விதமாகப் பறிக்கிறது. அப்படிப் பறிபோகும் விதம் மனதுக்கு ஒத்துவந்தால்தான் அடுத்த வாரமும் வண்டியை ஏற்றிக்கொண்டு புறப்படத் தோன்றும்.

மோட்டோகிராஸில் இழப்பு முதல் சில நொடிகளிலேயே வந்து நின்றுவிடுகிறது. நாற்பது வண்டிகள் ஒரே வரிசையில், தொடக்கக் கதவின் இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் நிற்கின்றன. முப்பது நொடிப் பலகை பக்கவாட்டில் திரும்பிய பின், கதவு எந்தக் கணத்தில் விழும் என்பது யாருக்கும் தெரியாது. உடல் முன்னால் சாய்ந்திருக்கிறது. கிளட்ச் பாதி பிடிப்பில் இருக்கிறது. எஞ்சின் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கிறது. கண் கம்பியை விட்டு நகருவதில்லை. கம்பி அசைந்ததைப் பார்த்துக் கிளட்சை விடுவதில் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்தால், பத்து வண்டிகள் மட்டுமே நுழையக்கூடிய முதல் வளைவுக்குள் இருபத்தைந்தாவது ஆளாகப் போக வேண்டியிருக்கும். அதன் பிறகு முன்னால் போகிறவர்களின் பின்சக்கரங்கள் வாரி இறைக்கும் மண்ணைக் கண்ணாடியிலும் மார்பிலும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவராகத் தாண்டியாக வேண்டும். உலக மோட்டோகிராஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரு பந்தயம் 30 நிமிடமும் அதற்குமேல் 2 சுற்றும் நீடிக்கும். ஒரே நாளில் அப்படி இரண்டு. அந்த முழு நேரமும் இதயத் துடிப்பு உச்சத்துக்கு அருகிலேயே இருக்கும். முன்னங்கைத் தசைகள் இறுகி, விரல்கள் பிரேக்கைப் பிடிக்க மறுக்கும் நிலையும் வரும்.

இதை விரும்புகிறவர்கள் விடை உடனே தெரிவதை விரும்புகிறவர்கள். ஒரு வளைவில் தவறாக நுழைந்தால் இரண்டு நிமிடத்தில் அதே வளைவு மறுபடி வருகிறது. இந்த முறை வெளிப்பக்கமாக நுழைந்து பார்க்கலாம், அடுத்த முறை உட்பக்கம். ஒரே தடத்தைச் சுற்றுவது சலிப்பு என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அந்தத் தடம் எந்தச் சுற்றிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வளைவுகளில் சக்கரங்கள் உழுத பள்ளங்கள் சுற்றுக்குச் சுற்று ஆழமாகின்றன. பிரேக் பிடிக்கும் இடங்களில் மண் அலையலையாக எழும்புகிறது. காலையில் மிக வேகமாக இருந்த பாதை பிற்பகலில் ஓட்டவே முடியாததாகிவிடும். மண்ணின் இந்த மாற்றத்தைப் படிக்கும் கூர்மை மோட்டோகிராஸ்காரர்களிடம் இருக்கும் அளவுக்கு வேறு எவரிடமும் நான் பார்த்ததில்லை.

அரங்கத்துக்குள் நடக்கும் சூப்பர்கிராஸ் இந்த அவசரத்தை இன்னும் இறுக்கிவிட்டது. 1972-இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம் அரங்கில் நடந்த பந்தயத்தில் 16 வயதே ஆன மார்ட்டி டிரைப்ஸ் வென்றதிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. இன்று அமெரிக்கத் தொடரின் 450 சிசி பிரிவு இறுதிப் பந்தயத்தில் 22 பேர் 20 நிமிடமும் ஒரு சுற்றும் ஓட்டுகிறார்கள். தாவல்களின் வரிசையில் ஒன்றைச் சரியாக எடுக்காவிட்டால் அடுத்த மூன்றும் கெட்டுவிடும். பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த பந்தயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வார இறுதியில் ஓட்டும் சாதாரண ஆளுக்கு இதில் இடம் மிகக் குறைவு.

ஹேர் ஸ்கிராம்பிள், கிராஸ்கன்ட்ரி என்று அழைக்கப்படும் நீண்ட பந்தயங்களில் இழப்பு பரவலாகிவிடுகிறது. அமெரிக்காவில் ஜிஎன்சிசி என்ற பெயரில் நடக்கும் தொடர் இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது; 1975-இல் மேற்கு வர்ஜீனியாவில் டேவ் கூம்ப்ஸ் தொடங்கிய பிளாக்வாட்டர் 100 என்ற பந்தயத்தில் அதன் வேர் இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு வரிசை வரிசையாக நிற்பார்கள். கொடி அசைந்ததும் எஞ்சினைக் கிளப்பிப் பாய வேண்டும். முன்னணிப் பிரிவுகள் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓட்டுவதால், தொடக்கத்தில் பின்தங்கினாலும் ஈடுகட்ட அவகாசம் உண்டு. வேர்களுக்கிடையே விழுந்து ஒரு நிமிடம் போனாலும், அடுத்த மணி நேரத்தில் இன்னொருவருக்குத் தண்ணீர் தீர்ந்துபோகும், அல்லது அவசரத்தில் பெட்ரோல் நிரப்பும் இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். 2013 முதல் 2020 வரை தொடர்ந்து எட்டு முறை ஜிஎன்சிசி பட்டம் வென்ற கைலப் ரஸ்ஸலின் ஓட்டத்தைப் பார்த்தால் இது புரியும். மற்றவர்கள் தளரத் தொடங்கும் கடைசிப் பகுதியில் வேகத்தைக் கூட்டுவது அவருக்குக் கைவந்த கலை. பொறுமைசாலிகளுக்கும் நீண்ட நேரம் ஒரே வேகத்தில் உழைக்கக்கூடிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் இது ஏற்ற வகை. முன்னணி வீரரும் முதல்முறை ஓட்டுபவரும் ஒரே நாளில் ஒரே பாதையின் பெரும்பகுதியை ஓட்டலாம் என்பதால் ஆள் சேர்வதும் இங்கே அதிகம்.

என் மனம் எண்டியூரோவில்தான் நிலைத்திருக்கிறது, ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இங்கே பக்கத்தில் போட்டியாளர் இருப்பதில்லை. நிமிடத்துக்கு மூன்று நான்கு பேராகக் கிளம்புகிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு நேர அட்டை இருக்கிறது. எந்தச் சோதனைச் சாவடிக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். சாவடிக்கு முன்பாகவே வந்துவிட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தனக்குரிய நிமிடம் பிறந்த பிறகே உள்ளே போக வேண்டும். அந்தக் காத்திருப்பில் ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிடலாம், தளர்ந்த ஆரக்கம்பியை முறுக்கலாம், பக்கத்தில் நிற்பவரிடம் அடுத்த மலையேற்றம் எப்படி என்று கேட்கலாம். இடையிடையே வரும் சிறப்புச் சோதனைப் பகுதிகளில்தான் வேகம் அளக்கப்படுகிறது. அந்தப் பகுதிகளை முன்கூட்டியே நடந்து பார்க்கலாம், ஆனால் வண்டியில் ஓட்டிப் பார்க்கக் கூடாது. காலால் நடந்தபோது எளிதாகத் தெரிந்த ஒரு மண்மேடு, வண்டியின் வேகத்தில் வேறு முகம் காட்டும்.

இங்கே இழப்பு துளித்துளியாக வரும். யாருடைய கண்ணிலும் படாது. ஒரு வளைவில் அரை நொடி, ஒரு வழுக்குப் பாறையில் இரண்டு நொடி, கியரை மாற்றத் தயங்கியதில் இன்னும் கொஞ்சம். மாலையில் முடிவுப் பலகையைப் பார்க்கும்போதுதான் அவை ஒன்றுசேர்ந்து ஒரு நிமிடமாகத் தெரியும். என்னைத் தாண்டிப் போனவர் யாரும் இல்லை, ஆனாலும் இருபது பேர் எனக்கு மேலே இருப்பார்கள். மோட்டோகிராஸிலிருந்து வந்த பலருக்கு இது பிடிப்பதில்லை. யாரைத் துரத்துகிறோம் என்று தெரியாமல் எப்படி வேகமாக ஓட்டுவது என்று கேட்பார்கள். எனக்கோ அந்தத் தனிமைதான் வேண்டியிருக்கிறது. முன்னால் ஒரு முதுகு இல்லாதபோதுதான் மண்ணை முழுமையாகப் பார்க்க முடிகிறது.

அமெரிக்காவில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்த பழைய முறை இன்னும் விசித்திரமானது. மணிக்கு 24 மைல் என்பதுபோல ஒரு சராசரி வேகத்தைக் கொடுத்துவிடுவார்கள். சாவடிகள் எங்கே இருக்கின்றன என்பதைச் சொல்ல மாட்டார்கள். தாமதமாக வந்தால் தண்டனை உண்டு. முன்னதாக வந்தால் அதைவிடக் கடுமையான தண்டனை. வேகமாக ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, வண்டியின் கைப்பிடியில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே கணக்கும் போட வேண்டும். தேசிய அளவில் அந்த முறை கைவிடப்பட்டு, பகுதி பகுதியாக வேகத்தை மட்டும் அளக்கும் முறை வந்தபோது, புதியவர்கள் மகிழ்ந்தார்கள். கணக்கில் தேர்ந்த மூத்தவர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தத்தை என்னால் உணர முடிகிறது. நாற்பது வயதைத் தாண்டியவர் இருபது வயதுக்காரரை நேர்மையாக வெல்லக்கூடிய ஒரு வழியை அந்தக் கணக்கு கொடுத்திருந்தது.

எண்டியூரோவின் உச்சம் ஆறுநாள் பந்தயம். 1913-இல் இங்கிலாந்தின் கார்லைலில் வண்டிகளின் உறுதியைச் சோதிக்கத் தொடங்கிய இந்தப் போட்டி, 1981 முதல் எண்டியூரோ என்ற பெயரில் நடக்கிறது. நாடுகள் அணியாக மோதுகின்றன. எஞ்சின், சட்டகம் போன்ற முக்கியப் பாகங்களில் வண்ணக் குறி போட்டுவிடுவார்கள். அவற்றை மாற்ற முடியாது. இரவில் வண்டி பூட்டிய வளாகத்தில் இருக்கும். யாரும் தொட முடியாது. வேலை எதுவாக இருந்தாலும் ஓட்டுபவரே தன் கையால் செய்ய வேண்டும். நாள் முழுக்க ஓட்டிக் களைத்த ஒருவர், கடைசிப் பதினைந்து நிமிடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, சக்கரத்தைக் கழற்றி, டயருக்குள் காற்றுக்குப் பதிலாக இருக்கும் நுரை வளையத்துக்கு வழவழப்பான களிம்பைத் தடவி, மூன்று நெம்புகோல்களால் புதிய டயரை ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எந்த நெம்புகோல் எந்த இடத்தில் நிற்க வேண்டும், முழங்கால் டயரின் எந்தப் பக்கத்தை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் கைக்குப் பழகியிருக்கும். சுற்றி நிற்கும் உதவியாளர்கள் கருவியை நீட்டலாம், நேரத்தைச் சொல்லலாம். வண்டியைத் தொட முடியாது. ஓட்டுவதும் பராமரிப்பதும் ஒரே திறமையின் இரண்டு பக்கங்கள் என்று கருதுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பந்தயம் இல்லை.

பாறையும் செங்குத்தும் நிறைந்த பாதையில் நடக்கும் ஹார்டு எண்டியூரோவில் நிலைமை தலைகீழ். மாட்டிக்கொள்வதும் விழுவதும் இங்கே இயல்பு, முன்னேறுவதுதான் விதிவிலக்கு. ஆஸ்திரியாவின் ஐசனெர்ஸ் நகரத்தில் இரும்புச் சுரங்க மலையில் 1995 முதல் நடக்கும் எர்ஸ்பெர்க் ரோடியோவில், தகுதிச் சுற்றிலிருந்து 500 பேர் இறுதிப் பந்தயத்துக்கு வருகிறார்கள். நான்கு மணி நேர அவகாசம். சில ஆண்டுகளில் பத்துப் பேர்கூட முடிப்பதில்லை. 2015-இல் ஏற்பாட்டாளர்கள் சேர்த்த ஒரு பகுதியை யாராலும் தனியாகத் தாண்ட முடியவில்லை. முன்னணியில் இருந்த கிரகாம் ஜார்விஸ், ஜானி வாக்கர், ஆல்ஃப்ரெடோ கோமஸ், ஆந்திரியாஸ் லெட்டன்பிக்லர் ஆகிய நால்வரும் ஒருவர் வண்டியை மற்றவர் இழுத்து மேலேற்றி, சேர்ந்தே முடிவுக்கோட்டைக் கடந்தார்கள். நால்வரும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். போட்டியாளரின் வண்டிக்குக் கைகொடுப்பது இந்த வகையில் மட்டுமே இவ்வளவு இயல்பாக நடக்கிறது. இதை விரும்புகிறவர்கள் தரவரிசையைப் பெரிதாகப் பேசுவதில்லை. எத்தனையாவது சாவடி வரை போனேன் என்றுதான் சொல்வார்கள். ருமேனியாவில் 2004 முதல் நடக்கும் ரோமானியாக்ஸ் பந்தயம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டு, தங்கம், வெள்ளி, வெண்கலம், இரும்பு என்று திறமைக்கேற்பப் பாதைகளைப் பிரித்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மலை, ஆனால் ஒவ்வொருவருக்கும் தாங்கக்கூடிய அளவு கடினம். மற்ற ஏற்பாட்டாளர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ராலியில் இழப்பு மலை அளவுக்கு வரும், ஒரே ஒரு திருப்பத்தில். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து புறப்பட்ட முதல் டக்கார் ராலியில் சிரில் நெவே யமஹா வண்டியில் வென்றார். ஆப்பிரிக்காவிலும், 2009 முதல் தென் அமெரிக்காவிலும் நடந்த அந்தப் பந்தயம் 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே பாதைக் குறிப்பேடு பொருத்தப்பட்டிருக்கும்: தூரம், திசை அளவு, ஒரு சிறு படம், ஆபத்தின் அளவைக் காட்டும் ஆச்சரியக்குறிகள். மூன்று ஆச்சரியக்குறி என்றால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். முன்பெல்லாம் குறிப்பேட்டை முந்தின நாள் மாலையே கொடுத்துவிடுவார்கள். ஓட்டுபவர்கள் இரவில் வண்ணப் பேனாக்களால் அதில் தங்கள் அடையாளங்களைப் போடுவார்கள். பெரிய அணிகள் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு வழி கண்டுபிடிக்கத் தனி ஆட்களை வைத்துக்கொண்டதால், இப்போது ஏற்பாட்டாளர்களே வண்ணம் இட்ட குறிப்பேடு கிளம்புவதற்குச் சற்று முன்பாகத்தான் கைக்கு வருகிறது. வசதி குறைந்தவர்கள் இந்த மாற்றத்தை வரவேற்றார்கள், எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

இந்த வகையில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஒருநாள் வென்றவர் மறுநாள் முதலில் கிளம்ப வேண்டும். மணலில் தடமே இல்லாத இடத்தில் அவர் வழி கண்டுபிடிக்க, பின்னால் வருகிறவர்கள் அவருடைய சக்கரத் தடத்தைப் பிடித்து வேகமாக வந்துவிடுவார்கள். அதனால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. 2023-இல் முன்னால் வழி திறப்பவர்களுக்குப் போனஸ் நொடிகள் கொடுக்கத் தொடங்கிய பிறகு அது ஓரளவு சரியானது. வழி தவறி இருபது நிமிடம் போய்விட்டால், அதை வேகத்தால் மீட்க முயல்கிறவர் அடுத்த பள்ளத்தில் விழுவார். போனது போகட்டும் என்று அந்த இருபது நிமிடத்தை மறந்துவிட்டு அடுத்த குறிப்பைப் படிக்கக்கூடிய மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு அது இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மெக்சிகோவில் 1967-இல் தொடங்கிய பாஹா பந்தயம் பாலைவனத்தில் நடந்தாலும் அதன் குணம் வேறு. பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பழகலாம், ஒரு வண்டியைப் பலர் பகிர்ந்தும் ஓட்டலாம்.

பாறை போன்ற தடைகளைக் கால் ஊன்றாமல் கடக்கும் டிரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பே இல்லை. கால் தரையில் பட்டால் புள்ளி போகும், அவ்வளவுதான். ஆனால் அதில் கற்ற சமநிலை எங்கும் உதவும். பெண்களுக்கான டிரையல்ஸ் உலகப் பட்டத்தை 13 முறை வென்ற லாயா சான்ஸ், 2015 டக்காரில் மோட்டார்சைக்கிள் பிரிவில் ஒன்பதாவதாக வந்ததை நினைத்துப் பாருங்கள்.

வண்டியும் விருப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். மோட்டோகிராஸ் வண்டிக்குப் பின்னால் 19 அங்குலச் சக்கரம், இறுக்கமான சஸ்பென்ஷன், அடுத்தடுத்து நெருங்கிய கியர்கள். எண்டியூரோ வண்டிக்கு 18 அங்குலம், உயரமான டயர் பக்கச்சுவர், வேர்களிலும் கற்களிலும் மெத்தென்று இறங்கும் சஸ்பென்ஷன், பெரிய டாங்க். ராலி வண்டியோ முப்பது லிட்டருக்கு மேல் பெட்ரோலைச் சுமக்கும். கையில் இருப்பது மோட்டோகிராஸ் வண்டி என்றால், காட்டில் இரண்டாவது மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடும். அந்த வலியை வைத்து, காட்டுப் பந்தயமே நமக்கு ஆகாது என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சஸ்பென்ஷனை மென்மையாக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுப்பதே சரி.

விருப்பம் காலத்தோடு மாறவும் செய்யும். சூப்பர்கிராஸிலிருந்து வந்த ரயன் சைப்ஸ் 2015-இல் ஆறுநாள் பந்தயத்தில் ஒட்டுமொத்த முதலிடம் பெற்ற முதல் அமெரிக்கரானார். அமெரிக்கப் பாலைவனப் பந்தயங்களில் வளர்ந்த ரிக்கி பிராபெக் 2020-இல் டக்காரை வென்றார். சூப்பர்கிராஸில் பலமுறை இந்திய தேசியப் பட்டம் வென்ற ஹரித் நோவா, 2024 டக்காரில் ராலி 2 என்ற இரண்டாம் நிலைப் பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் பதினொன்றாம் இடமும் பிடித்தார். அரங்கத்துக்குள் ஒரு நிமிடச் சுற்றுகளில் கூர்மையானவர், பாலைவனத்தில் நாள் முழுக்கத் தனியாக வழி தேடும் நிலைக்கு வருவது சாதாரண மாற்றம் அல்ல.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பெரும்பாலும் அவர்களை முதலில் மோட்டோகிராஸ் தடத்தில்தான் இறக்குகிறார்கள். அதற்கு நல்ல காரணம் உண்டு: முழுத் தடமும் கண்ணுக்குத் தெரிகிறது, தாவல்களின் அருகே கொடி பிடிப்பவர் நிற்கிறார், ஆம்புலன்ஸ் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் முதல் வளைவின் நெரிசலில் மிரண்டுபோய் வண்டியே வேண்டாம் என்று சொல்லும் குழந்தைக்கு, ஓட்டுவதே பிடிக்கவில்லை என்று பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். பிடிக்காதது அந்த நெரிசலாக மட்டும் இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தையை ஹேர் ஸ்கிராம்பிளின் சிறுவர் பிரிவில் ஒருமுறை ஓட்டவிட்டுப் பார்க்கலாம். அங்கே வரிசைகள் இடைவெளி விட்டுக் கிளம்புகின்றன, சிறுவர்களுக்கான பாதை சுருக்கமானது, பந்தய நேரமும் பெரியவர்களுக்கு உள்ளதைவிட வெகுவாகக் குறைவு. அதன் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.